மாட்டுக்கு வில்லை உண்டு, மனிதனுக்கு அட்டை உண்டா?

கறவை மாடு வாங்கக் கடன் எடுத்தவர்களுக்கு இது தெரியும். கால்நடை டாக்டர் வந்து மாட்டைப் பார்ப்பார். வயது, நிறம், கறவை எல்லாம் எழுதிக்கொள்வார். காதில் ஒரு நம்பர் வில்லையை மாட்டுவார். நாளைக்கு மாடு நோய் கண்டு இறந்துவிட்டால் அந்த வில்லையைக் காட்டி இன்சூரன்ஸ் பணம் கேட்கலாம். பயிருக்கும் இப்படித்தான். 2016-ல் வந்த பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் காரிப் பருவ உணவுப் பயிருக்கு காப்பீட்டுத் தொகையில் 2 சதவிகிதம், ரபிக்கு 1.5 சதவிகிதம் பிரீமியம் கட்டுகிறோம். மாட்டையும் பயிரையும் காப்பீடு செய்யக் கற்றுக்கொண்டுவிட்டோம். ஆனால் மாட்டைக் கட்டி, பயிரை நட்டு, மடை திருப்பும் மனிதனுக்குக் காப்பீடு இருக்கிறதா என்று நம்மில் எத்தனை பேர் பார்த்து வைத்திருக்கிறோம்?

எங்கள் ஊரில் இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசனம் உள்ள ஒரு விவசாயி. பங்குனியில் நிலக்கடலை பிடுங்கும் சமயம். களத்தில் நின்றவருக்கு நெஞ்சில் வலி, வேர்த்துக் கொட்டியது. வாடகைக் காரில் போட்டு டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அரசுக் காப்பீடு செல்லாது. இருதய ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள், ஸ்டென்ட் வைத்தார்கள். உயிர் பிழைத்தது. பில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. வட்டிக்கு வாங்கினார்கள். போதவில்லை. கடைசியில் இரண்டு கறவை மாடுகளையும் விற்றார்கள். பார்க்கப் போனபோது அவர் மனைவி என்னிடம் சொன்னார்: "மாட்டுக்குக் காதுல வில்லை போட்டிருந்தோம் அண்ணே. இவருக்கு ஒண்ணும் போட்டு வைக்கலை."

விசாரித்துப் பார்த்தால், அந்தக் குடும்பம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர எல்லாத் தகுதியும் உடையது. ரேஷன் கார்டு இருக்கிறது, வருமானமும் வரம்புக்குள்தான். அட்டை மட்டும் எடுக்கவில்லை. 'நமக்கு என்ன வரப்போகிறது' என்று இருந்துவிட்டார்கள். காப்பீடு செய்த மாட்டை விற்று, காப்பீடு இல்லாத மனிதனைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

இந்தத் திட்டம் எப்படிப்பட்டது, அதன் பலம் என்ன, எங்கே அது நம்மை வந்து எட்டவில்லை, என்ன திருத்தம் வேண்டும் என்று பார்ப்போம்.

எப்படி வந்தது இந்தத் திட்டம்?

தமிழ்நாட்டில் ஏழைகளுக்கான உயிர்காக்கும் சிகிச்சைக் காப்பீடு 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் தொடங்கியது. அப்போது ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து 1 லட்சம் ரூபாய். 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஆண்டுக்கு 1 லட்சம் என்றும், சில பெரிய சிகிச்சைகளுக்கு ஒன்றரை லட்சம் வரை என்றும் ஆயிற்று. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இது இணைக்கப்பட்டு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று உயர்ந்தது. 2022 ஜனவரியில் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தபோது, சேருவதற்கான குடும்ப வருமான வரம்பை ஆண்டுக்கு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தினார்கள். ஆட்சிகள் மாறின, பெயர் மாறியது, திட்டம் நிற்கவில்லை. மக்களுக்கு வேண்டியது என்று கண்டதனால்தான் எந்த அரசும் இதைக் கைவிடவில்லை.

2022-ல் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுப் பிரீமியம் 849 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அதை அரசே கட்டுகிறது. நாம் ஒரு பைசா கட்ட வேண்டாம். அப்போது சேர்ந்திருந்த குடும்பங்கள் சுமார் 1 கோடியே 37 லட்சம். பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,160 கோடி ரூபாய் ஆகிறது. இது நம் வரிப்பணம். நமக்காகக் கட்டியாகிவிட்ட பிரீமியத்தை அட்டை எடுக்காமல் வீணாக்கலாமா?

திட்டத்தின் பலம்

முதலாவது, இது குடும்பம் முழுவதற்கும் சேர்த்த காப்பீடு. கணவன், மனைவி, பிள்ளைகள், அவர்களை நம்பியிருக்கும் பெற்றோர் எல்லோரும் இதில் அடக்கம். ரேஷன் கார்டில் பெயர் இருக்க வேண்டும். 5 லட்சம் என்பது ஆளுக்கு 5 லட்சம் அல்ல, குடும்பத்துக்குப் பொதுவாக ஆண்டுக்கு 5 லட்சம். ஒருவருக்கே முழுவதும் செலவாகலாம், பலருக்குப் பிரிந்தும் செலவாகலாம்.

இரண்டாவது, ஏற்கெனவே உள்ள நோய் என்று தள்ளுவதில்லை. தனியார் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் போனால் சர்க்கரை இருக்கிறதா, ரத்தக் கொதிப்பு இருக்கிறதா, வயது என்ன என்று கேட்டுக் காத்திருப்புக் காலம் வைப்பார்கள். இங்கே அது கிடையாது. எழுபது வயதுத் தாத்தாவுக்கும் உண்டு, தொட்டில் பிள்ளைக்கும் உண்டு.

மூன்றாவது, கையில் பணம் இல்லாமலே சிகிச்சை. இருதய ஆபரேஷன், புற்றுநோய்க்கான மருந்து மற்றும் கதிர்வீச்சு, சிறுநீரகத்துக்கு டயாலிசிஸ், மூளை, நரம்பு, எலும்பு மூட்டு ஆபரேஷன்கள் என்று 1,090 வகைச் சிகிச்சைகளும் 52 வகைப் பரிசோதனைகளும் 2022-ல் பட்டியலில் இருந்தன. கல்லீரல் மாற்று, எலும்பு மஜ்ஜை மாற்று, காது கேளாத குழந்தைக்குக் காக்ளியர் கருவி போன்ற மிகப்பெரிய செலவுகளுக்கென்று தனி நிதியும் வைத்திருக்கிறார்கள்.

நான்காவது பலத்தைப் பலரும் கவனிப்பதில்லை. "அரசு ஆஸ்பத்திரியில் எல்லாமே இலவசம்தானே, அங்கே அட்டை எதற்கு?" என்று கேட்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரியும் இந்தத் திட்டத்தில் உள்ளதுதான். நீங்கள் அங்கே ஆபரேஷன் செய்துகொண்டு அட்டையைக் காட்டினால், அந்த ஆபரேஷனுக்கான தொகை இன்சூரன்ஸிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறது. அதில் கருவிகள் வாங்குகிறார்கள், கட்டடம் சீர் செய்கிறார்கள், ஒரு பகுதியை டாக்டருக்கும் நர்ஸுக்கும் ஊக்கத்தொகையாகத் தருகிறார்கள். ஆகவே அரசு ஆஸ்பத்திரியில் அட்டையைக் காட்டுவது அடுத்து வரும் நோயாளிக்கு நாம் செய்யும் உதவி. வயலில் நாம் போடும் தொழுவுரம் அடுத்த பட்டத்துப் பயிருக்கும் பலன் கொடுப்பதைப் போல.

அட்டை எட்டாத இடங்கள்

எங்கள் தெருவிலேயே இன்னொரு குடும்பம். அந்த அம்மாளுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. காப்பீட்டு அட்டை உண்டு. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். ஆஸ்பத்திரியில் ஒரு பைசா வாங்குவதில்லை. ஆனாலும் குடும்பம் கடனில் இருக்கிறது. எப்படி?

வாரம் இரண்டு நாள் டவுனுக்குப் போய்வர இரண்டு பேருக்குச் செலவு. வரும்போது அம்மாளால் பஸ்ஸில் நிற்க முடியாது, ஆட்டோ பிடிக்க வேண்டும். கூடப் போகும் மகனுக்கு வாரம் இரண்டு நாள் வேலை போகிறது. அந்த நாளில் மோட்டார் போட ஆள் இல்லை, களை எடுப்பவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் இல்லாத மாத்திரையை வெளியே வாங்க வேண்டும். இவை எதுவும் பெரிய தொகை அல்ல. ஆனால் வாரம் தவறாமல் வருகிற தொகை. பெருமழைக்கு ஏரிக்கரை உடையாமல் நின்றாலும், நண்டு வளையில் கசிந்தே ஏரி வற்றிப் போவதுண்டு அல்லவா? அப்படித்தான்.

இதுதான் இத்திட்டத்தின் பெரிய குறை. ஆஸ்பத்திரியில் படுக்கை போட்டுச் செய்யும் பெரிய சிகிச்சையை இது பார்த்துக்கொள்கிறது. படுக்கையில் சேராமல் டாக்டரைப் பார்ப்பது, காய்ச்சலுக்கு ஊசி, மாதா மாதம் வாங்கும் மாத்திரை ஆகியவை இதற்குள் வருவதில்லை. கிராமத்துக் குடும்பத்துக்கோ வருஷத்தில் பல தடவை வருவது இந்தச் சில்லறைச் செலவுதான்.

நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், மருத்துவத்துக்கு ஆகும் மொத்தச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுத்த பங்கு 2013-14-ல் 100-க்கு 64 ரூபாய். 2021-22-ல் அது 100-க்கு 39 ரூபாயாகக் குறைந்தது என்று அரசின் தேசிய சுகாதாரக் கணக்கு சொல்கிறது. குறைந்தது நல்லதுதான். ஆனால் 39 ரூபாய் என்பதும் சிறு விவசாயிக்குப் பெரிய பாரம்.

இரண்டாவது குறை, திட்டத்தில் உள்ள பெரிய தனியார் ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் நகரங்களிலேயே இருக்கின்றன. மானாவாரி மாவட்டத்தின் உள்கிராமத்திலிருந்து அங்கே போய்ச் சேருவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது.

மூன்றாவது, சில இடங்களில் அட்டையை ஏற்றுக்கொண்டு, 'அரசு கொடுக்கும் தொகை கட்டுப்படியாகாது' என்று சொல்லி மேலும் பணம் கேட்கிறார்கள். அரசு நிர்ணயித்த தொகை சில சிகிச்சைகளுக்குக் குறைவு என்பது ஆஸ்பத்திரிக்காரர்களின் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருந்தால் அரசிடம் பேசித் தீர்க்க வேண்டும். படுக்கையில் கிடப்பவரின் மனைவியிடம், தாலியைக் கழற்றி வைக்கும்படியாகக் கேட்கக் கூடாது.

நான்காவது, பட்டியலில் உள்ள குளறுபடி. மத்திய தணிக்கைத் துறை 2023 ஆகஸ்டில் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தைப் பற்றி அறிக்கை கொடுத்தது. நாடெங்கும் ஏழரை லட்சம் பயனாளிகள் ஒரே ஒரு போன் நம்பரில் பதிவாகியிருப்பதை அது சுட்டிக்காட்டியது. அந்த நம்பர் எது என்றால் பத்து ஒன்பதுகள்! யாரோ ஏதோ ஒரு நம்பரைத் தட்டிவிட்டார்கள் என்று பொருள். இப்படிப் பதிவு செய்தால், உண்மையான ஏழை எவர், போலி எவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

என்ன மாற்றம் வேண்டும்?

முதல் மாற்றம், சில்லறைச் செலவுக்கும் வழி செய்வது. இது முடியாத காரியம் அல்ல. நம்மைப் போலவே நெல் விளைவிக்கும் நாடு தாய்லாந்து. அங்கே 2001-ல் தொடங்கி 2002-க்குள் நாடு முழுவதும் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். வேறு காப்பீடு இல்லாதவர்கள் எல்லோரையும், பெரும்பாலும் கிராமத்து மக்களை, அவரவர் மாவட்டத்து ஆஸ்பத்திரியிலும் சுகாதார நிலையத்திலும் பதிவு செய்தார்கள். ஒரு தடவை போனால் 30 பாட் கொடுத்தால் போதும். காய்ச்சலுக்கும் அதுதான், ஆபரேஷனுக்கும் அதுதான். ஆபரேஷன் ஒன்றுக்கு இவ்வளவு என்று மட்டும் பார்க்காமல், பதிவு செய்த ஆள் ஒன்றுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று அரசு அந்த ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுக்கிறது. அதனால் நோய் முற்றிய பிறகு ஆபரேஷன் செய்வதைவிட, முற்றாமல் பார்த்துக்கொள்வதே ஆஸ்பத்திரிக்கும் லாபமாகிறது.

நம்மிடமும் இதற்கு அடித்தளம் இல்லாமல் இல்லை. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்க 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை ஏற்படுத்தினார்கள். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் போகிற அமைப்பு அது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிற்று. ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் திட்டம் இது. சிறுநீரகம் பழுதாவதற்கும் நெஞ்சு அடைப்புக்கும் பெரும்பாலும் வித்து இந்த இரண்டு நோய்களில்தான் இருக்கிறது. வித்திலேயே பூச்சியைத் தடுப்பதுபோல, மாத்திரையை ஒழுங்காகக் கொடுத்தால் டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் குறைவார்கள். காப்பீட்டுக்குப் போகும் பணத்தோடு இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆபரேஷனுக்கு ஒதுக்குவதில் வாய்க்கால் பிரிப்பதுபோல் ஒரு பங்கைப் பிரித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு விட வேண்டும்.

இரண்டாவது மாற்றம், வருமானச் சான்று பற்றியது. சம்பளக்காரருக்கு மாத வருமானம் ஒரே மாதிரி. விவசாயிக்கு அப்படியா? ஒரு வருஷம் தக்காளி விலை ஏறினால் கையில் பணம் புரளும். அடுத்த வருஷம் பறிகூலிக்குக் கூட வராது. அதோடு, விற்ற பணம் முழுவதும் வருமானம் ஆகிவிடாது. உழவு, விதை, உரம், மருந்து, ஆள் கூலி, குத்தகை எல்லாம் போக நிற்பதே வருமானம். சான்று கொடுக்கும்போது ஒரு நல்ல வருஷத்தை மட்டும் பார்க்காமல் மூன்று வருஷச் சராசரியைப் பார்க்க வேண்டும். பட்டா இல்லாத குத்தகைதாரரையும் விவசாயக் கூலியையும் அலைக்கழிக்கக் கூடாது.

மூன்றாவது, வேலை இழப்புக்கும் போக்குவரத்துக்கும் ஒரு சிறு தொகை. டயாலிசிஸ், புற்றுநோய் போல் திரும்பத் திரும்பப் போக வேண்டிய நோய்களுக்கு மட்டுமாவது இதைச் செய்யலாம்.

நான்காவது, விவசாயிகளே பங்கு எடுத்துக்கொள்வது. கர்நாடகத்தில் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களுக்காக யஷஸ்வினி என்ற திட்டத்தை 2003 ஜூனில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். மாதம் 5 ரூபாய், வருஷத்துக்கு 60 ரூபாய். பால் சங்கத்திலும் கடன் சங்கத்திலும் உறுப்பினரான விவசாயி இதைக் கட்டினால் ஆபரேஷனுக்குக் காப்பீடு. முதல் வருஷமே சுமார் 16 லட்சம் பேர் சேர்ந்தார்கள். 2018-ல் மாநிலத்தின் பொதுத் திட்டத்தோடு அதைச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருந்ததால் 2022-ல் மறுபடி தொடங்கினார்கள். இதில் நமக்குப் பாடம் உண்டு. பணம் கட்டியவனுக்குக் கேள்வி கேட்கும் தைரியம் வருகிறது. சங்கம் என்று ஒன்று இருப்பதால், ஆஸ்பத்திரியில் தகராறு வந்தால் போய்ச் சொல்ல ஓர் இடம் இருக்கிறது. நம் பால் சங்கங்களும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களும் பிரீமியம் வசூலிக்காவிட்டாலும், அட்டை இல்லாத உறுப்பினர் யார் யார் என்று கணக்கெடுத்து அட்டை வாங்கிக் கொடுக்கும் வேலையையாவது செய்யலாம்.

நாம் செய்ய வேண்டியது

திருத்தம் வரும்போது வரட்டும். இருப்பதை விடாமல் பிடித்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

1. அட்டை எடுக்காதவர்கள் ரேஷன் கார்டு, குடும்பத்தில் எல்லோருடைய ஆதார், வருவாய்த் துறையின் வருமானச் சான்று ஆகியவற்றுடன் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். அறுவடை முடிந்து கை ஓய்ந்திருக்கும் நாளில் போய்வாருங்கள். நோயாளியைப் படுக்கையில் போட்டுவிட்டுச் சான்றுக்கு அலைவது மிகக் கொடுமை.

2. மருமகள் வந்திருந்தால், பேரப்பிள்ளை பிறந்திருந்தால் ரேஷன் கார்டில் பெயரைச் சேர்த்துவிடுங்கள். பெயர் இல்லாவிட்டால் காப்பீடும் இல்லை.

3. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எந்தெந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறது, எந்த நோய்க்கு இருக்கிறது என்று முன்பே கேட்டு வையுங்கள். ஓர் ஆஸ்பத்திரியில் எலும்புக்கு இருக்கும், இருதயத்துக்கு இருக்காது. கட்டணமில்லாத போன் நம்பர் 1800 425 3993.

4. நெஞ்சு வலி, பாம்புக் கடி, மருந்து அடிக்கும்போது விஷம் ஏறுதல் என்றால் 108-க்குப் போன் செய்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாம்புக் கடிக்கான மருந்து அங்கே இலவசம். ரோட்டில் விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அட்டையே தேவையில்லை.

5. ஆஸ்பத்திரியில் சேர்ந்தவுடன் காப்பீட்டு மேஜையில் அட்டையைக் காட்டுங்கள். அனுமதி கேட்டு அவர்கள்தான் எழுதுவார்கள். அவசரம் என்றால் முதலில் சிகிச்சை, பிறகு அனுமதி. 'முன்பணம் கட்டுங்கள், பிறகு பார்க்கலாம்' என்றால் உடனே அதே போன் நம்பரில் கேளுங்கள்.

6. மேலே பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது இல்லாமல் கொடுத்த பணத்துக்குப் புகார் கிடையாது. ரசீதோடு கலெக்டரிடம் மனுக் கொடுங்கள். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாள் இதற்காகத்தான் இருக்கிறது.

7. கிராம சபை கூடும்போது இதைப் பேசுங்கள். ஊரில் எத்தனை குடும்பத்துக்கு அட்டை இல்லை, சுகாதார நிலையத்தில் எந்த மாத்திரை கிடைப்பதில்லை என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். சர்க்காருக்குக் காது கேட்க வேண்டுமானால் எழுத்தில் கேட்க வேண்டும்.

எங்கள் ஊர் விவசாயி இப்போது தேறிவிட்டார். கனமாக எதுவும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நிலத்தைப் பாதி குத்தகைக்கு விட்டிருக்கிறார். கட்டுத்தறி காலியாக இருக்கிறது. ஆனால் சென்ற மாதம் குடும்பத்தோடு கலெக்டர் ஆபீஸுக்குப் போய் அட்டை எடுத்து வந்துவிட்டார். "மாடு போன பிறகு புத்தி வந்தது" என்று சிரித்தார். மாடு போகுமுன் நமக்குப் புத்தி வரட்டும். இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் வீட்டுப் பெட்டியைத் திறந்து, அட்டை இருக்கிறதா, எல்லோர் பெயரும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.